பூட்டிய கடைக்கும் வரியா?

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் எனக்கு ஒரு கடை இருக்கிறது, வரி மதிப்பு 11,500 பவுண்டு. அங்கே மளிகை வியாபாரம் செய்த வாடகைக்காரர் பிசினஸ் ரேட்ஸ் என்று ஒரு பென்னிகூடக் கட்டியதில்லை. ஐந்து மாதத்துக்கு முன் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது கவுன்சில் என் பேருக்கு பில் அனுப்பியிருக்கிறது. வியாபாரம் நடந்தபோது இல்லாத வரி, கடையைப் பூட்டிய பிறகு எப்படி வந்தது?

பதில்: வாடகைக்காரர் அநுபவித்து வந்த விலக்கு கடையைச் சேர்ந்ததன்று, கடையைச் சுவாதீனத்தில் வைத்துத் தொழில் நடத்திய அவரைச் சேர்ந்தது என்பதை அறிந்தால் தங்கள் ஆச்சரியம் நிவர்த்தியாகும். இங்கிலாந்தில் 12,000 பவுண்டு வரை மதிப்புள்ள ஒரே இடத்தில் தொழில் செய்கிறவருக்குச் சிறுதொழில் சலுகையாக முழு வரியும் தள்ளுபடியாகிறது. அவர் வெளியேறியதும் சலுகையும் கூடவே வெளியேறிவிடுகிறது. காலிக் கடைக்கு முதல் 3 மாதம் வரி கிடையாது. அதன்பின் முழு வரி. 2025–26 விகிதமாகிய பவுண்டுக்கு 49.9 பென்ஸ்படி பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 5,738 பவுண்டு. முன்பெல்லாம் 3 மாதத்துக்குப் பிறகு பாதி வரிதான். கட்டடங்களைப் பூட்டி வைப்போரை வாடகைக்கு விடத் தூண்டுவதாகச் சொல்லி 2008 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள். ஆள் கிடைக்காமல் தவிக்கிறவருக்கு அது என்ன தூண்டுதலோ!

ஆயினும் பணம் கட்டுமுன் லீஸ் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். காலி இடத்தின் வரி சுவாதீன பாத்தியதை உள்ளவர்மேல் விழுவதாகையாலும், சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனதனால் மட்டும் லீஸ் முடிந்துவிடாதாகையாலும், கெடு இன்னும் மிச்சமிருந்து, அதன் ரத்தைத் தாங்கள் ஏற்காமலும் இருந்தால், அந்த பில் அவருக்கே போகவேண்டியது. பூட்டை மாற்றிக் கடையைத் தாங்களே எடுத்துக்கொண்டிருந்தால் இவ்வாதம் பலவீனப்படும்.

மகன் பேருக்கு மாற்றி எழுதினால் புதிதாக 3 மாதம் கிடைக்குமென்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்த அவகாசம் கட்டடத்தைப் பொறுத்தது. இடையே ஒருவர் குடியேறி 13 வாரம் தொடர்ந்து தொழில் நடத்தினாலன்றி அது மறுபடி பிறக்காது. கடையையே பிரித்துப் புதுப்பிக்கும் எண்ணமிருந்தால் விஷயம் வேறு: சண்டர்லாந்தில் கூரைத்தட்டு, மின்கம்பி, கழிப்பிடம் எல்லாவற்றையும் அகற்றிவிட்ட ஓர் அலுவலகத் தளத்துக்கு 1 பவுண்டு மதிப்பே போதுமென்று 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெறும் வெள்ளையடிப்புக்கு இது பொருந்தாது.

லீஸின் நகலோடும் காலியான தேதியோடும் கவுன்சிலுக்கு உடனே எழுதுங்கள். ஆனால் எழுதிவிட்டோமென்று தவணையை நிறுத்திவிட வேண்டாம். ஆக்ஷேபணை நிலுவையில் இருக்கும்போதே மாஜிஸ்திரேட் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்துவிடக்கூடும்.