கண் சிவந்தால்...

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு 'மெட்ராஸ் ஐ' வந்தது. மீதிப் பேர் அவர்களைப் பார்க்கவே பயந்து, தலையைக் குனிந்துகொண்டு நடந்தோம். பார்த்தால் ஒட்டாது, தோழியரே! பெரும்பாலும் அடினோ வைரஸால் வரும் இந்நோய், கை, கைக்குட்டை, தலையணை வழியாகத்தான் பரவுகிறது. கண் உறுத்தும், நீர் வடியும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். ஓரிரு வாரத்தில் தானே அடங்கும். ஈரத்துணி ஒற்றடம், சோப்புப் போட்டுக் கை கழுவுதல், பள்ளிக்கு விடுப்பு இவையே போதும். (விடுப்பு என்றதும் மகிழ வேண்டாம்!)

ஆனால் எல்லாச் சிவப்பும் மெட்ராஸ் ஐ அல்ல. என் பெரியப்பா நெல் தூற்றும்போது கண்ணில் பதர் பட்டது. "சூட்டுக்கண்தான்" என்று தாய்ப்பால் விட்டார்கள். பிறகு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சொட்டுமருந்து. அதில் ஸ்டீராய்டு இருந்தது. சிவப்பு குறைந்தது, வலி கூடியது. பத்தாம் நாள் கருவிழியில் வெள்ளைப் புள்ளி! பூஞ்சைப் புண் என்றார் மருத்துவர். ஸ்டீராய்டு சிவப்பை மறைத்துப் பூஞ்சையை வளர்த்துவிடுமாம். இரண்டு மாதம் சிகிச்சை செய்தும் அந்தக் கண்ணுக்கு இன்று வெளிச்சம் மட்டுமே தெரிகிறது.

கடும் வலி, வெளிச்சக் கூச்சம், பார்வை மங்கல், இவற்றில் ஒன்றிருந்தாலும் அன்றே கண் மருத்துவரிடம் செல்லவேண்டும். தலைவலி, வாந்தியோடு விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்தால் கண் அழுத்தமாக இருக்கலாம். இரவானாலும் காத்திருக்கக் கூடாது.

வெற்றிலைச் சுண்ணாம்பு பட்டால் மட்டும், மருத்துவரிடம் ஓடுமுன் குழாயடியில் அரைமணி நேரம் கண்ணைக் கழுவவேண்டும். எங்கள் பாட்டி இப்போது சுண்ணாம்பு டப்பாவைத் தம்பிக்கு எட்டாத பரணில் வைக்கிறார்கள்.