பிள்ளையின் பல் வரிசை: ஆறு வயதிலேயே பாருங்கள்



கேமரன் மலையில் தேயிலையோடு வாழும் நமக்குக் கவ்வாத்து என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வெட்டாமல் விட்டால் தேயிலைச் செடி மரமாகிப் போகும். கன்றாக இருக்கும்போதே அதைப் படிய வைக்க வேண்டும். பிள்ளைகளின் பல்லும் தாடையும் இப்படித்தான். வளர்கிற வயதில் சுலபமாகத் திருத்தக்கூடியதை, வளர்ந்த பிறகு திருத்தப் பணமும் காலமும் அதிகம் பிடிக்கும்.

"கோணல் பல் தலையெழுத்து", "தெத்துப்பல் அதிர்ஷ்டம்" என்று நம்மில் பலர் சும்மா இருந்து விடுகிறோம். பல் கோணலாக இருந்தால் துலக்க முடியாத இடுக்குகளில் சொத்தை விழும், ஈறு கெடும். மேல்பல் வெளியே துருத்தி நிற்கும் பிள்ளை விளையாட்டில் விழுந்தால் முதலில் உடைவது அந்தப் பல்தான். மேல் தாடையும் கீழ்த் தாடையும் சரியாகப் பொருந்தாவிட்டால் கடித்து மெல்லுவதும் சிரமம்.

ஆறு வயதுப் பல்

பால்பற்கள் மொத்தம் 20. ஏறக்குறைய மூன்று வயதுக்குள் எல்லாம் முளைத்து விடும். ஆறு வயது வாக்கில், கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் மேலும் கீழும் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக நான்கு பெரிய கடைவாய்ப் பற்கள் வரும். இவை எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால், "இதுவும் பால்பல்தானே, விழுந்து விடும்" என்று நினைத்து விடுகிறோம். இவை விழாது. ஆயுள் முழுக்க இருக்க வேண்டிய பற்கள் இவை.

எட்வர்டு ஏங்கல் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் 1899-ல் கோணல் கடிகளை மூன்று வகையாகப் பிரித்தபோது, இந்தப் பற்கள் மேலும் கீழும் எப்படிப் பொருந்துகின்றன என்பதைத்தான் அளவாக எடுத்துக்கொண்டார். வைத்தியர்கள் இன்றும் அந்தப் பிரிவைப் பயன்படுத்துகிறார்கள்.

பால்பல்லைக் காப்பாற்றுங்கள்

"விழப்போகிற பல்தானே, சொத்தையானால் என்ன?" என்று கேட்காதீர்கள். பால் கடைவாய்ப் பல் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை இருந்து, கீழே வளரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைக்கிறது. ஏழு வயதில் அதைப் பிடுங்க நேர்ந்தால், பின்னால் இருக்கும் ஆறு வயதுப் பல் முன்னால் நகர்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு வர வேண்டிய பல் இடமில்லாமல் கோணலாக வரும், அல்லது எலும்புக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

மலைக் குளிருக்குப் பிள்ளைகளுக்கு டின் பால், சீனி போட்ட தேத்தண்ணி கொடுப்பது நம் வழக்கம். அதைப் போத்தலில் ஊற்றி வாயில் வைத்தபடியே தூங்க விடுவதுதான் தவறு. ராத்திரி முழுக்க இனிப்பு பல்லில் ஊறும். பல் துலக்கிய பிறகு வெறும் தண்ணீர் மட்டும் கொடுங்கள். பல்லை எடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், "இடம் காக்கக் கம்பி போடலாமா?" என்று பல் வைத்தியரைக் கேளுங்கள்.

வீட்டிலேயே பாருங்கள்

டார்ச் விளக்கு ஒன்று போதும். பிள்ளையைப் பின் பல்லால் கடிக்கச் சொல்லி, உதட்டை விலக்கிப் பாருங்கள்.

1. கீழ் முன்பல் மேல் முன்பல்லுக்கு வெளியே நிற்கிறதா?

2. மேல்பல் அதிகமாகத் துருத்தி, உதடு மூட மறுக்கிறதா?

3. பின் பல் கடித்தும் முன் பற்கள் சேராமல் சந்து தெரிகிறதா? நான்கைந்து வயதுக்குப் பிறகும் விரல் சூப்பினால் இப்படி ஆகலாம்.

4. வாய் மூடும்போது தாடை ஒரு பக்கமாக நகர்கிறதா?

5. ஒரு பக்கத்துப் பல் முளைத்து ஆறு மாதமாகியும் மறுபக்கத்து ஜோடிப் பல் வரவில்லையா? உள்ளே கூடுதல் பல் ஒன்று வழிமறிக்கலாம், அல்லது அந்தப் பல் பிறவியிலேயே இல்லாமல் இருக்கலாம். எக்ஸ்ரே எடுத்தால் தெரியும்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் கிளினிக்கில் காட்டுங்கள். ஆனால் வீணாகப் பயப்படவும் வேண்டாம். ஏழு முதல் ஒன்பது வயதில் மேல் முன்பற்கள் விசிறி போல் விரிந்து இடைவெளியோடு நிற்பது சகஜம். கோரைப்பல் வரும்போது பெரும்பாலும் அது தானாகவே சேர்ந்து விடும்.

பள்ளிக்கூடத்திற்குப் பல் சோதனைக் குழு வரும்போது அனுமதிப் பாரத்தில் கையெழுத்துப் போடுங்கள். "பல்லைப் பிடுங்கி விடுவார்கள்" என்று பயந்து பாரத்தை ஒளித்து வைக்காதீர்கள். பிள்ளைகளின் பல்லைக் கவனிக்கும் நர்ஸுகளுக்குப் பினாங்கில் 1949-லேயே பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. பிள்ளைகளின் வாயைப் பார்ப்பதற்கென்றே படித்தவர்கள் அவர்கள்.

போலிக் கம்பிக்கு ஏமாறாதீர்கள்

முறையான கம்பி வைத்தியம் ஏறக்குறைய இரண்டு வருடம் பிடிக்கும். தனியாரிடம் பல ஆயிரம் வெள்ளி செலவாகும். அரசாங்க நிபுணரிடம் போக வேண்டுமானால் முதலில் பல் கிளினிக் டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். கோளாறு கடுமையாக உள்ளவர்களுக்கே அங்கே முன்னுரிமை என்பதால் காத்திருக்கவும் வேண்டிவரும். அதனால்தான் சீக்கிரம் காட்டுங்கள் என்கிறோம்.

இந்தக் காத்திருப்பையும் செலவையும் பார்த்துத்தான் நம் பிள்ளைகள் பேஸ்புக்கில் வரும் மலிவுக் கம்பி விளம்பரத்துக்கு மயங்குகிறார்கள். 2017-ல் மலாக்காவில் இப்படிக் கம்பி போட்டு வந்த, பல் மருத்துவம் படிக்காத 20 வயதுப் பெண்ணுக்கு நீதிமன்றம் 70,000 வெள்ளி அபராதம் விதித்தது. விவரம் தெரியாதவர் இழுத்துக் கட்டினால் நல்ல பல்லும் ஆட்டம் கண்டு விழும், ஈறு சீழ் பிடிக்கும். அழகு நிலையத்திலோ, ஹோட்டல் அறையிலோ, வீட்டிலோ கம்பி போட வருகிறவரிடம் வாயைத் திறக்காதீர்கள். மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிந்தவரா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. வயதான பிறகும் பல்லைக் கம்பியால் நகர்த்தலாம். ஆனால் தாடை எலும்பு வளர்ந்து முடிந்து விட்டால், கடுமையான தாடைக் கோணலுக்கு ஆப்பரேஷன் தேவைப்படலாம். வளரும் வயதிலேயே பார்த்தால் பல பிள்ளைகளுக்கு அந்த நிலை வராமல் தடுக்க வழி உண்டு.

கிளினிக்குக்குப் போகும் நாளில் வேலைக்குப் போக முடியாதென்றால், தோட்டக் கமிட்டித் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, டார்ச் அடித்து ஒருமுறை பாருங்கள். அதற்கு ஒரு காசு செலவில்லை.