கோடை விடுமுறைப் பாடம்: தண்ணீர்க் கரையில் மூன்று விதிகள்



பரீட்சைகள் முடிந்துவிட்டன. புத்தகப் பைகள் பரண்மேல் ஏறிவிட்டன. இனி ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம் திறக்கும்வரை ஊரெல்லாம் பிள்ளைகளின் ராஜ்யந்தான். காலையில் கோவிலில் ஞானோபதேச வகுப்பு, சாயங்காலம் மைதானத்தில் பந்து விளையாட்டு, மே மாதம் முழுவதும் மாதா வணக்கமாதம், நடுவில் ஒரு நாள் ஆற்றங்கரையில் கூட்டாஞ்சோறு. இவையெல்லாம் நல்லவையே. ஆனால் வெயில் ஏற ஏற, பிள்ளைகளின் கால்கள் தாமாகவே குளத்தையும் கிணற்றையும் தேடி நடக்கும். ஆகையால் இந்த வாரத்துப் பாடம் தண்ணீரைப் பற்றியது.

2022-ம் ஆண்டு ஜூன் 5-ம் தேதி. அன்று ஞாயிற்றுக்கிழமை. கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பத்துக்கு அருகே குச்சிப்பாளையத்தில், கெடிலம் ஆற்றுத் தடுப்பணைப் பக்கம் குளிக்கப் போன சிறுமியரும் இளம்பெண்களுமாக ஏழு பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். முதலில் ஆழத்தில் சிக்கியவர்கள் எல்லாரும் அல்லர். சிக்கியவர்களைக் காப்பாற்றப் போனவர்களும் ஒருவர் பின் ஒருவராக மூழ்கினார்கள். மறு வருஷம் ஏப்ரல் 5-ம் தேதி, சென்னையை அடுத்த மூவரசம்பட்டில் கோவில் திருவிழாவின்போது குளத்தில் இறங்கிய இளைஞர் ஐந்து பேருக்கும் இதே கதி நேர்ந்தது. அங்கும் ஒருவர் தடுமாற, மற்றவர்கள் கைகொடுக்கப் போனார்கள்.

இந்த இரண்டு துக்கங்களையும் சற்று நின்று யோசித்துப் பாருங்கள். இறந்தவர்களில் பலர் துடுக்குத்தனத்தால் இறக்கவில்லை. பிறர்மேல் வைத்த பாசத்தால் இறந்தார்கள். "ஆபத்தில் இருப்பவனைக் கைவிடாதே" என்றுதான் நாமும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். அது சரியே. ஆனால் எப்படிக் கைகொடுப்பது என்று சொல்லிக் கொடுத்தோமா? அன்பு மட்டும் இருந்தால் போதாது, அன்புக்கு அறிவும் துணை வரவேண்டும். அறிவில்லாத அன்பு தண்ணீரில் இறங்கினால், ஒரு வீட்டுத் துக்கம் இரண்டு வீட்டுத் துக்கமாகிவிடும்.

வண்டல் மண் அள்ளிய ஏரிகளிலும், மணல் அள்ளிய ஆறுகளிலும் பெரும் பள்ளங்கள் கிடக்கின்றன. தண்ணீர் நிறைந்தபின் மேலே பார்த்தால் எல்லாம் ஒரே சமமாகத் தெரியும். முழங்கால் ஆழத்தில் நடந்து வரும் பிள்ளை அடுத்த அடியில் தலைக்குமேல் ஆழத்தில் இருப்பான். போன வருஷம் நீங்கள் குளித்த இடந்தானே என்று நம்பாதீர்கள். ஆற்றின் அடித்தரை ஆண்டுக்கு ஆண்டு மாறும். காவிரிப் பாசனத்து ஊர்களில் இன்னொன்றும் உண்டு. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ம் தேதி திறக்கப்படும். ஆனால் 2022-ல் மே 24-ம் தேதியே திறந்துவிட்டார்கள். நேற்றுவரை பந்து விளையாடிய மணல்வெளியில் இன்று வெள்ளம் ஓடக்கூடும். தண்டோராவையும் ஒலிபெருக்கி அறிவிப்பையும் அலட்சியம் செய்யலாகாது.

மூழ்குகிறவன் "ஐயோ, காப்பாற்று" என்று கூவுவான், கையை ஆட்டுவான் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. மூச்சுக்கே வழியில்லாதவனுக்குக் குரல் எங்கிருந்து வரும்? வாய் நீர்மட்டத்தில் அமிழ்ந்து அமிழ்ந்து எழும், உடல் நிமிர்ந்தபடியே இருக்கும், ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆகையால் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று சத்தமில்லாமல் போனால் உடனே திரும்பிப் பாருங்கள்.

இனி மூன்று விதிகள். பிள்ளைகள் இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டும்.

முதல் விதி: எண்ணாமல் இறங்காதே. பெரியவர் ஒருவர் கரையில் நிற்க வேண்டும். அவர் குளிக்கவும் கூடாது, செல்போன் பார்க்கவும் கூடாது. பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்து, அடிக்கடி எண்ணிப் பார்க்க வேண்டும். வேளாங்கண்ணி யாத்திரை போகிறவர்கள் கடற்கரையிலும் இதையே அனுசரிக்க வேண்டும்.

இரண்டாம் விதி: குதிக்காதே, எறி. நீந்தத் தெரிந்தவனையும் மூழ்குகிறவன் கழுத்தைக் கட்டி இழுத்துவிடுவான். அது அவன் குற்றமன்று, உயிர்ப் பயம் செய்கிற வேலை. ஆகவே கரையில் படுத்துக்கொண்டு மூங்கிலையோ நீண்ட கொம்பையோ நீட்டுங்கள். கயிற்றை எறியுங்கள். கயிறு இல்லையா? இரண்டு சேலைகளை முடிச்சிட்டு வீசுங்கள். வேட்டியும் துண்டும் உதவும். இறுக மூடிய காலி பிளாஸ்டிக் கேன் மிதக்கும். அதையாவது அவன் கைக்கு எட்டும்படி போடுங்கள். கூச்சலிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். 108-க்கும், தீயணைப்பு நிலையத்தின் 101-க்கும் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள்.

மூன்றாம் விதி: தலைகீழாகத் தூக்காதே, மூச்சைக் கொடு. கரையேற்றியவனைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்கப் பார்ப்பதும் நம் ஊர்களில் பழகிப்போன தவறு. அதனால் பொன்னான நிமிஷங்கள் வீணாகும். வயிற்று நீர் மேலேறி மூச்சுக்குழாயை அடைக்கவும் கூடும். மூச்சு இல்லாதவனைச் சமதரையில் மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சற்றே பின்னுக்குச் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து இரண்டு முறை ஊதவேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் 30 முறை வேகமாகவும் அழுத்தமாகவும் அமுக்கி, மறுபடியும் இரண்டு முறை ஊதவேண்டும். வண்டி வரும்வரை இப்படியே மாறி மாறிச் செய்யவேண்டும். அவன் எழுந்து உட்கார்ந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் விடலாகாது.

கைக்குழந்தைகளை உடைய தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. தவழுகிற பிள்ளைக்கு ஆறும் குளமும் வேண்டியதில்லை, அரை வாளித் தண்ணீர் போதும். குளியலறை வாளியைக் கவிழ்த்து வையுங்கள். தண்ணீர்த் தொட்டிக்கும் டிரம்முக்கும் மூடி போடுங்கள். உலகம் முழுவதிலும் 2021-ம் ஆண்டில் ஏறக்குறைய 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் சிறு பிள்ளைகள் அநேகர்.

இவ்வளவும் படித்துவிட்டு, "பிள்ளையை இனி வீட்டைவிட்டு அனுப்பமாட்டேன்" என்று தீர்மானித்துவிடாதீர்கள். அடைத்துவைத்த பிள்ளை ஒரு நாள் சொல்லாமல் ஓடிப்போவான். சொல்லாமல் போகிறவனைத்தான் யாரும் எண்ணுவதில்லை. மாறாக, நம்பிக்கையான பெரியவர் ஒருவரைக் கொண்டு ஆழமில்லாத இடத்தில் நீச்சல் பழக்குங்கள். பெண் பிள்ளைகளை ஒதுக்கிவிடாதீர்கள். குச்சிப்பாளையத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தெருவாரும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. நம் பிள்ளைகள் குளிக்கும் கிணற்றடியிலும் குளக்கரையிலும் ஒரு நீண்ட கயிறும் ஒரு மூங்கிலும் எப்போதும் இருக்கட்டும். கயிற்றின் நுனியில் மூடிய காலிக் கேன் ஒன்றைக் கட்டிவிடுங்கள். அதிகச் செலவில்லை. மாடு கட்ட அவிழ்த்துக்கொண்டு போய்விடாமல் காவல் காப்பதுதான் கஷ்டம்!

இன்றிரவு சாப்பாட்டுக்குப் பின், வீட்டில் பிள்ளைகளிடம் இவற்றைக் கேளுங்கள்.

வினா: உன் தோழன் மூழ்கினால் நீ குதிப்பாயா?
விடை: குதிக்கமாட்டேன். கயிற்றையோ சேலையையோ எறிவேன், கூச்சலிட்டு ஆளைக் கூப்பிடுவேன்.

வினா: அப்படியானால் அவன்மேல் உனக்கு அன்பில்லையா?
விடை: அன்பு இருப்பதால்தான் அவனும் நானும் இருவருமே வீடு திரும்பும் வழியைத் தேடுகிறேன்.

வினா: கரையேற்றியவனுக்கு மூச்சு இல்லாவிட்டால் என்ன செய்வாய்?
விடை: தலைகீழாகத் தூக்கவிடமாட்டேன். பெரியவரைக் கொண்டு மூச்சு ஊதச் செய்வேன். 108-ஐ அழைப்பேன்.

இரண்டாம் கேள்விக்குப் பிள்ளை தயங்கினால் கோபிக்காதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து மறுபடியும் சொல்லிக்கொடுங்கள். ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம் திறக்கும் நாளில், ஆசிரியர் பெயர் கூப்பிடும்போது, நம் பங்கின் பிள்ளைகள் ஒருவர் குறையாமல் "உள்ளேன் ஐயா" என்று சொல்லவேண்டும்.