அரங்கேற்ற டிவிடியில் கால் முந்தி, தாளம் பிந்தி வருகிறதா?

சிட்னி வென்ட்வொர்த்வில்லிலோ மெல்பர்ன் டான்டினாங்கிலோ, மகளின் அரங்கேற்ற டிவிடி இல்லாத தமிழ் வீடு குறைவு. அதை வெட்டிச் சுருக்கும்போது ஒலி தனியே ஓடுகிறதென்றால், எந்த வகைக் கோளாறு என்று பார்க்க வேண்டும்.

அதற்கு முன், தட்டில் இருக்கும் விஓபி (VOB) கோப்புகளை எடிட்டரில் அப்படியே இழுத்துப் போடாதீர்கள். ஒரே நிகழ்ச்சி 1 ஜிபி துண்டுகளாக இருக்கும். ஒட்டும் இடங்களில் ஒலி நழுவும். மேக்எம்கேவி (MakeMKV) மென்பொருள் கொண்டு ஒரே கோப்பாக எடுத்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

பிறகு நட்டுவாங்கத் தாளத்தின் ஓசையையும் பாதம் தரையில் படும் பிரேமையும் ஒப்பிடுங்கள். வாயசைவைவிட இது துல்லியம். அலாரிப்பிலும் தில்லானாவிலும் ஒரே இடைவெளி என்றால் ஒலியை மட்டும் நகர்த்தினால் போதும். ஆஸ்திரேலிய டிவிடி பால் (PAL) முறை, வினாடிக்கு 25 பிரேம். 5 பிரேம் பிந்தினால் 0.2 வினாடி.

போகப் போக இடைவெளி கூடினால் நகர்த்திப் பயனில்லை. எடிட்டரில் ஒலி 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறதா, 44.1 ஆகிவிட்டதா என்று பாருங்கள். டொராண்டோ உறவினர் அனுப்பிய தட்டு என்றால் அது என்டிஎஸ்சி (NTSC) முறை, வினாடிக்கு 29.97 பிரேம்; அதற்கு அதே வேகத்தில் தனி புராஜெக்ட் திறப்பதே நல்லது. ஹேண்ட்பிரேக் (HandBrake) மென்பொருளில் கோப்பை மாற்றுகிறவர்கள் மாறாத பிரேம் வேகத்தைத் தேர்ந்தெடுக்கவும்.

ஒலியைச் சரிசெய்தபின் வெட்டுங்கள். வெட்டிய பின் என்றால், ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே திருத்த வேண்டிவரும்.