ஜப்பானுக்கு ஊழியத்துக்குப் போகிறீர்களா? செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த பிரான்சிஸ் சவேரியாரை நம்மில் அறியாதவர் இல்லை. அதே சவேரியார்தான் 1549 ஆகஸ்ட் 15 அன்று ககோஷிமாவில் கரையிறங்கி ஜப்பானில் கிறிஸ்தவ ஊழியத்தைத் தொடங்கினார். நாலே முக்கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. இன்றும் அந்த நாட்டில் கிறிஸ்தவர்கள் சுமார் ஒரு சதவீதம்தான். இத்தனைக்கும் இன்று ஆலயம் கட்டத் தடையில்லை, வேதாகமம் விற்கத் தடையில்லை, ஞானஸ்நானம் எடுப்பவரை யாரும் சிறையில் போடுவதில்லை.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1597இல் நாகசாகியில் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டார்கள். 1614இல் நாடு முழுவதும் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டது. ஒவ்வொரு குடும்பமும் ஒரு பௌத்தக் கோயிலில் பெயர் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. கிறிஸ்தவர் அல்ல என்று காட்ட, இயேசுவின் உருவத்தை மிதித்துக் காட்டச் சொன்னார்கள். தடைப் பலகைகளை அகற்றியது 1873இல்தான். பழைய கதை போதாதென்று புதியதும் சேர்ந்துகொண்டது. 1995இல் ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் குழு டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் விஷவாயுவைப் பரப்பியது. 2022இல் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேவைச் சுட்டவர், ஒரு மதக் குழுவுக்குத் தன் தாய் கொடுத்த நன்கொடைகள் குடும்பத்தையே அழித்தன என்று சொன்னார். மதத்தின் பெயரால் கதவைத் தட்டுகிற அந்நியரை ஜப்பானியர் சந்தேகத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை.

அங்கே உங்கள் பிரசங்கத்தைக் கேட்பதற்கு முன் உங்கள் வாழ்க்கையை ஊர் நெடுநாள் கவனிக்கும். கீழே உள்ள பட்டியலில் பிரசங்க மேடையைவிட வீடும் தெருவும் அதிக இடம் பிடித்திருப்பது அதனால்தான்.

1. புறப்படுமுன்

செய்யுங்கள்:

- உங்களை அனுப்பும் சபையும் அங்கே ஏற்றுக்கொள்ளும் சபையும் கலந்து பேசி, உங்கள் வேலை என்ன, யாருக்குக் கீழே வேலை செய்வீர்கள் என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.
- சமயப் பணிக்கென்று தனி வசிப்பு அனுமதி உண்டு. வெளிநாட்டுச் சமய அமைப்பு ஒன்று அனுப்பியவர் என்ற அடிப்படையில் அது கிடைக்கிறது. அதற்கான தாள்களை முறையாகச் சேர்த்து வையுங்கள்.
- ஜப்பானியக் கிறிஸ்தவர்களின் வரலாற்றைப் படித்துவிட்டுப் போங்கள். 1909இல் கோபே நகரத்துச் சேரியில் குடியேறி ஏழைகளோடு வாழ்ந்த டொயோஹிகோ ககாவாவைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் முன்னின்று தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் இன்றும் கோபேயில் நடக்கிறது. 1938இல் நம் தாம்பரத்தில் நடந்த உலக மிஷனரி மாநாட்டுக்கும் அவர் வந்திருந்தார்.

செய்யாதீர்கள்:

- சுற்றுலா விசாவில் போய், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். சட்டத்தை வளைத்து நுழைந்தவர் சொல்லும் சாட்சி அங்கே எடுபடாது.
- "இருண்ட தேசம்" என்று மேடையில் பேசிவிட்டு விமானம் ஏறாதீர்கள். இரகசியமாக, குருவானவர் ஒருவரும் இல்லாமல், ஏழு தலைமுறை விசுவாசத்தைக் காப்பாற்றிய மக்கள் வாழ்ந்த மண் அது. 1865இல் நாகசாகி ஓஉரா ஆலயத்துக்கு வந்து தங்களை வெளிப்படுத்திக்கொண்டவர்கள் அவர்கள்தான்.

2. குடியேறிய முதல் வாரங்கள்

செய்யுங்கள்:

- வீடு அமைந்த 14 நாட்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதியுங்கள். வசிப்பு அட்டை எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும்.
- தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேருங்கள். பெரும்பாலான சிகிச்சைக்கு 30 சதவீதம் மட்டும் கையிலிருந்து கொடுத்தால் போதும்.
- எதிரே மூன்று வீடு, இரு பக்கமும் ஒவ்வொரு வீடு: இவர்களை நேரில் பார்த்து வணக்கம் சொல்வது பழைய வழக்கம். ஒரு துண்டு, சோப்பு, இனிப்புப் பெட்டி என்று சிறியதாக ஏதாவது கொடுங்கள். இன்னார், இந்தச் சபையில் வேலை செய்கிறேன், பிள்ளைகள் இருக்கிறார்கள், சத்தம் வந்தால் சொல்லுங்கள் என்று முகம் பார்த்துச் சொல்லிவிடுங்கள்.
- தெருச் சங்கத்தில் சேருங்கள். அறிவிப்புகள் வைத்த அட்டை வீடு வீடாகச் சுற்றி வரும். படித்து, முத்திரையிட்டு, அன்றே அடுத்த வீட்டில் கொடுத்துவிடுங்கள். புல் வெட்டும் நாளிலும் வாய்க்கால் சுத்தம் செய்யும் நாளிலும் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள்.

செய்யாதீர்கள்:

- அறிமுகத்துக்குப் போன முதல் நாளே இனிப்போடு கைப்பிரதியையும் சேர்த்து நீட்டாதீர்கள். அப்படிச் செய்தால் இனிப்பும் தூண்டிலாகத்தான் தெரியும்.
- தெருச் சங்கம் ஷிந்தோ கோயில் திருவிழாவுக்கு வரி கேட்டால் வாசலில் நின்று வாதம் பண்ணாதீர்கள். "சங்கத்தின் மற்ற செலவுகளுக்குத் தருகிறேன், இதற்கு மட்டும் என் விசுவாசத்தால் முடியாது" என்று தலைவரிடம் தனியாக, தணிந்த குரலில் சொல்லுங்கள். வாய்க்கால் சுத்தம் செய்ய வந்தவர் சொன்னால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

3. குப்பையும் சத்தமும்

இதைத் தனித் தலைப்பாக எழுதக் காரணம் உண்டு. வெளிநாட்டவரைப் பற்றி அக்கம்பக்கத்தார் அதிகம் முறையிடுவது இந்த இரண்டையும்தான்.

செய்யுங்கள்:

- எரியும் குப்பை, எரியாத குப்பை, பிளாஸ்டிக், புட்டி, தகரடப்பா என்று நகராட்சி கொடுக்கும் அட்டவணையைச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். குடிநீர்ப் பாட்டில் என்றால் மூடியைக் கழற்றி, சுற்றியிருக்கும் லேபிளை உரித்து, உள்ளே அலசி, நசுக்கி, அதற்குரிய நாளில் போட வேண்டும். காலையில் குப்பை மூட்டைகளின் மேல் காக்கை வலையை இழுத்து மூடிவிட்டு வாருங்கள். தவறாகப் பிரித்த மூட்டையை எடுக்காமல், எச்சரிக்கைத் தாள் ஒட்டி அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். அது யார் வீட்டு மூட்டை என்று தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.
- வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி, முனை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வையுங்கள். உள்ளே நடக்கும் செருப்போடு தட்டாமி பாயின் மேல் ஏறக்கூடாது. கழிவறைச் செருப்பு வேறு, அதை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

செய்யாதீர்கள்:

- அடுக்குமாடி வீட்டில் இராமுழு ஜெபம் வைத்துக் கைதட்டிப் பாடாதீர்கள். சுவர்கள் மெல்லியவை. நம் ஊரில் ஒலிபெருக்கிக்குப் பழகியவர்களுக்கு இது கடினம்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் தூக்கத்தைக் கெடுத்துவிட்டு அவருக்காக ஜெபிப்பதில் அன்பு இல்லை. தாழ்ந்த குரலில் ஜெபிக்கப் பழகுங்கள்.

4. மொழி

செய்யுங்கள்:

- முதல் இரண்டு ஆண்டுகளையாவது மொழிக்கென்றே ஒதுக்குங்கள். இரண்டு வகை எழுத்துகளோடு, அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு வகுத்த 2,136 கான்ஜி எழுத்துகளும் இருக்கின்றன. இது குறுக்கு வழியில் முடிகிற காரியம் அல்ல.
- ஹெப்பர்னை நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மருத்துவரான அவர் 1859இல், தடை அமலில் இருந்த காலத்தில் வந்தார். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே மொழி கற்றார். 1867இல் ஜப்பானிய–ஆங்கில அகராதியை வெளியிட்டார். ஜப்பானிய வேதாகம மொழிபெயர்ப்பில் முன்னின்றார். 33 ஆண்டு உழைத்துவிட்டு 1892இல் நாடு திரும்பினார்.
- பெரியவர்களிடம் பேசும் மரியாதை வழக்கை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். சபையில் பாதிப் பேருக்கு மேல் முதியவர்களாகவே இருப்பார்கள்.

செய்யாதீர்கள்:

- மொழிபெயர்ப்பாளரை வைத்தே காலம் தள்ளாதீர்கள். மேடைக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவர் மனம் திறந்து பேச நினைக்கும்போது கிடைக்க மாட்டார்.
- இலவச ஆங்கில வகுப்பு என்று விளம்பரம் செய்துவிட்டு உள்ளே வேதபாடம் நடத்தாதீர்கள். கடைசிப் பதினைந்து நிமிடம் வேதாகமம் வாசிப்போம் என்றால் அதை அழைப்பிதழிலேயே போடுங்கள்.

5. சபைக்குள்

செய்யுங்கள்:

- ஆராதனை பத்தரைக்கு என்றால் பத்தேகாலுக்குள் இருக்கையில் இருங்கள். பல சபைகளில் முப்பது பேர்கூட இருக்க மாட்டார்கள். ஒருவர் தாமதமாக வந்தாலும் தெரியும், வராவிட்டாலும் தெரியும்.
- போதகரை "சென்செய்" என்று அழையுங்கள். நீங்கள் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் அவருக்குக் கீழே வேலை செய்ய வந்தவர்.
- ஆராதனை முடிந்ததும் சேர்ந்து சாப்பிடும் வேளையை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் கறி சோறுதான் இருக்கும். பாத்திரம் கழுவும் இடத்தில் நில்லுங்கள். கூட்டத்தில் வாய் திறக்காத பெரியம்மா ஒருவர், தட்டைத் துடைத்துக்கொண்டே தன் மகன் சபைக்கு வராத துயரத்தை அங்கேதான் சொல்வார்.
- போதகர் இல்லாத சபைகள் நாட்டுப்புறத்தில் பெருகிவருகின்றன. அழைத்தால் போங்கள். ஐந்து பேருக்குப் பிரசங்கம் செய்யவும் ஐம்பது பேருக்குச் செய்வதைப் போலத் தயார் செய்யுங்கள்.

செய்யாதீர்கள்:

- வந்த ஆண்டே ஆராதனை முறையை மாற்றச் சொல்லாதீர்கள். ஏப்ரலில் நிதியாண்டு தொடங்கும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவு வரி வரியாகப் படிக்கப்படும். எந்த மாற்றமும் அந்த வழியாகத்தான் வர வேண்டும்.
- காணிக்கைக்காக நெருக்காதீர்கள். பல சபைகளில் விசுவாசிகள் மாதக் காணிக்கையை உறையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். மிரட்டியோ குழப்பியோ நன்கொடை கேட்பதைத் தடுக்க 2022 டிசம்பரில் சட்டமே வந்திருக்கிறது.
- ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் நரகத்தைச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். பிள்ளைகளை அச்சுறுத்திச் சமயக் காரியங்களில் ஈடுபடுத்துவது சிறார் வதையாகக் கருதப்படும் என்று அரசு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் அது தவறுதான்.

6. சாவு வீட்டில்

ஜப்பானில் ஒருவர் விசுவாசத்துக்கு வரத் தயங்குவதற்குப் பெரிய காரணம் உபதேசம் அல்ல. குடும்பக் கல்லறை. "நான் கிறிஸ்தவனாகிவிட்டால் அப்பாவின் கல்லறையை யார் பார்த்துக்கொள்வது? என் சாம்பலை எங்கே வைப்பார்கள்?" என்பதுதான் மூத்த மகன்களின் கேள்வி. குடும்பங்களைக் கோயில்களோடு கட்டிப்போட்ட அந்தப் பழைய பதிவு முறையின் நிழல் இன்னும் நீங்கவில்லை.

செய்யுங்கள்:

- சபைக்குச் சொந்தமான பொதுக் கல்லறை எங்கே இருக்கிறது, யார் யார் சாம்பல் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஜப்பானில் கிட்டத்தட்ட எல்லா உடல்களும் தகனம்தான் செய்யப்படுகின்றன. "உங்களுக்கும் இங்கே இடம் உண்டு" என்று காட்டுவது, நெடுநாள் வேதபாடம் தீர்க்காத பயத்தைத் தீர்க்கும்.
- பௌத்த முறைச் சாவுக்கு அழைத்தால் கறுப்பு உடையில் போய், குடும்பத்தாரிடம் துக்கம் விசாரியுங்கள். சாம்பிராணி போட மனச்சாட்சி இடம் தராவிட்டால், படத்தின் முன் நின்று தலைவணங்கி, மௌனமாக ஜெபித்துவிட்டு வாருங்கள். எப்படி நடந்துகொள்வது என்பதை உங்கள் சென்செய்யிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.
- துக்கப் பணம் வைப்பதென்றால் அதற்குரிய உறையில் வையுங்கள். புத்தம்புது நோட்டு வைக்கக்கூடாது. சாவை எதிர்பார்த்து எடுத்துவைத்ததாகப் பொருள்படும்.

செய்யாதீர்கள்:

- புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரிடம், வீட்டில் முன்னோருக்கு வைத்திருக்கும் பூஜை மாடத்தை உடனே தூக்கி எறியச் சொல்லாதீர்கள். அது அவருடைய தாய்க்கும் சொந்தம். அவரும் சென்செய்யும் குடும்பமும் பேசித் தீர்க்க வேண்டிய காரியத்தில் அந்நியர் கை வைக்கக்கூடாது.
- "உங்கள் அப்பா இப்போது எங்கே இருப்பார்?" என்ற கேள்விக்கு முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். நியாயத்தீர்ப்பு நம் கையில் இல்லை. உட்கார்ந்து அழுவதற்குத் துணை தேவைப்படும் நேரம் அது.

7. நிலம் அதிரும்போது

செய்யுங்கள்: தண்ணீர், டார்ச், மருந்து, வசிப்பு அட்டை நகல் வைத்த பையை வாசலருகே வையுங்கள். உங்கள் பகுதிக்குரிய புகலிடம் எது என்று நடந்துபோய்ப் பாருங்கள். பெரும் நிலநடுக்கம் வந்தால் சபையாரில் தனியே வாழும் முதியவர்களின் பட்டியலைக் கையில் எடுங்கள்.

செய்யாதீர்கள்: பேரிடரை அறுவடைக் காலம் என்று எழுதாதீர்கள், பேசாதீர்கள். 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் சேறு அள்ளிய, சோறு பொங்கிய சபைகளை மக்கள் மறக்கவில்லை. கொடுத்த உதவிக்கு விலை கேட்காததால்தான் அந்த மதிப்பு வந்தது.

8. ஊருக்கு ஜெபக் கடிதம் எழுதும்போது

செய்யுங்கள்: நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். ஆண்டு முழுவதும் ஒரு ஞானஸ்நானமும் இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். மனைவி, பிள்ளைகளின் தனிமையையும் எழுதுங்கள். ஜெபிப்பவர்களுக்கு அது தெரிய வேண்டும்.

செய்யாதீர்கள்: சபையாரின் படத்தை, பெயரை, வியாதியை அவர்கள் அனுமதி இல்லாமல் அனுப்பாதீர்கள். பிள்ளைகள் படம் வேண்டவே வேண்டாம். வீட்டாருக்குத் தெரியாமல் சபைக்கு வரும் ஒருவரின் முகம் உங்கள் வாட்ஸாப் குழுவில் வந்தால், அவர் மறுபடி வர மாட்டார்.

கடைசியாக, அனுப்புகிற சபைகளுக்கு

மேலே சொன்னதில் பாதியை மிஷனரி தனியாகச் செய்ய முடியாது. முதல் இரண்டு ஆண்டு மொழி படிக்கட்டும் என்று நீங்கள் விட்டால்தான் அவர் படிப்பார். "எத்தனை ஆத்துமா?" என்று மாதாமாதம் கேட்டால் அவர் அவசரப்படுவார், அவசரத்தில் அந்த ஊரின் நம்பிக்கையை இழப்பார். எண்ணிக்கை கேட்பதை நிறுத்துங்கள். "பக்கத்து வீட்டுக்காரர் நலமா? பிள்ளைகள் பள்ளிக்குப் பழகிவிட்டார்களா? உங்கள் சென்செய்க்கு உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். பத்து ஆண்டு பொறுத்து, தவறாமல் தாங்க உங்கள் சபைக்கு மனம் இருந்தால் மட்டும் ஜப்பானுக்கு ஆள் அனுப்புங்கள்.