டெய்லி வேஜஸ் டீச்சர் ஆகும் முன்

கேரளத்தின் போனக்காட்டுத் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து டீச்சர் வேலைக்குப் போக நினைக்கிறவர்களுக்கு மே மாதம்தான் சீசன். ஜூனில் பள்ளி திறக்கும் முன் காலியிடங்களுக்கு ‘டெய்லி வேஜஸ்’ ஆள் எடுப்பார்கள். பேப்பரில் இரண்டு வரி வந்தால் பெரிது. விதுரா, நெடுமங்காடு பக்கத்துப் பள்ளிகளில் நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். இன்டர்வியூவுக்கு ஒரிஜினல் சர்டிபிகேட் வேண்டும். அன்று காலை மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸை நம்பாமல் முந்தின நாளே கீழே தங்கிவிடுவது நல்லது.

ஆள் கிடைக்காவிட்டால் பயிற்சி முடிக்காதவருக்கும் அவசர லைசென்ஸ் தரும் மாநிலங்கள் அமெரிக்காவில் உண்டு. இங்கே அந்தக் கதை நடக்காது. பயிற்சி இல்லாமல் வேலையில் இருந்தவர்களுக்குக் கொடுத்த கடைசித் தவணையே 2019 மார்ச் 31-ஓடு முடிந்தது. பி.எட். இருக்கிறதே, ஒன்றாம் வகுப்பு எடுக்கலாமே என்றும் கணக்குப் போட வேண்டாம். தொடக்க வகுப்புகளுக்கு பி.எட். செல்லாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தொடக்கக் கல்விப் பட்டயமான டி.எல்.எட். வேண்டும்.

அதோடு கேரள ஆசிரியர் தகுதித் தேர்வான கே-டெட். லோயர் பிரைமரி எடுக்க முதல் கேட்டகரி, அப்பர் பிரைமரிக்கு இரண்டாவது, ஹைஸ்கூலுக்கு மூன்றாவது. பொதுப் பிரிவில் 150-க்கு 90 எடுத்தால் பாஸ். மொழிப் பாடமாகத் தமிழை எடுக்கலாம்; கூச்சப்படாமல் எடுங்கள். ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் பாக்கியிருக்கும் பழைய ஆசிரியர்களே டெட் எழுத வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தாயிற்று. புதிதாக வருகிறவருக்குச் சலுகை எங்கிருந்து வரும்?

டெய்லி வேஜஸில் வேலை செய்த நாளுக்குத்தான் காசு. பி.எஸ்.சி. (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) வழியாக நிரந்தர ஆள் வந்து சேர்ந்த அன்றே நீங்கள் வெளியே. தமிழ்நாடு தேவலை என்று மலையிறங்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: 2022-ல் அங்கே 13,331 இடங்களுக்குத் தற்காலிக ஆசிரியர்களை எடுக்க முடிவானபோது இடைநிலை ஆசிரியருக்கு வைத்த தொகை மாதம் 7,500 ரூபாய்.

நம் பக்கத்து அம்பூரியைப் பாருங்கள். குன்னத்துமலை ஓராசிரியர் பள்ளிக்கு இருபது வருஷத்துக்கு மேல் தோணியிலும் நடையிலும் போய்ப் பாடம் நடத்திய டீச்சர், 2022-ல் அரசு ஓராசிரியர் பள்ளிகளை மூடியதும், ஜூன் 1 அன்று நகரத்துப் பள்ளி ஒன்றில் துடைப்பத்தோடு நின்றார். அரசு கொடுத்த மாற்று வேலை அது. உழைப்பில் அவரிடம் குறை சொல்ல யாராலும் முடியாது. நிரந்தர ஆசிரியர் பணி மட்டும் இல்லை.

ஆகவே தினக்கூலி வகுப்பை எடுங்கள், அனுபவச் சான்றிதழையும் கையோடு வாங்கிவையுங்கள், ஆனால் பி.எஸ்.சி.யின் ‘துளசி’ தளத்தில் இந்த வாரமே பெயரைப் பதியுங்கள். தமிழ் மீடியம் ஆசிரியர் பணிக்கு அறிவிப்பு தனியாக வரும். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 40.