சட்டையில் குத்தும் பின்னும் வியாபாரியின் வாக்கும்

நாம் ஒரு பொருளுக்கு விலை போடும்போது கொள்முதல், கூலி, வரி, கடை வாடகை, அதன் மேல் இலாபம் என்று கணக்குப் பார்க்கிறோம். உலகில் இந்தக் கணக்குக்குள் அடங்காத வியாபாரங்களும் உண்டு. அவற்றில் ஒன்று, சட்டையிலும் தொப்பியிலும் குத்திக் கொள்ளும் பின்களின் வியாபாரம். நாம் பேட்ஜ் என்று சொல்வோமே, அதுதான். ஒரு துண்டு உலோகம், கொஞ்சம் எனாமல் வர்ணம், பின்னால் ஒரு ஊசி. செய்கூலி மிகச் சொற்பம். ஆனால் அதன் முதுகில் "300 மட்டுமே செய்யப்பட்டது" என்று பொறித்துவிட்டால், அதற்காக நூற்றுக்கணக்கான டொலர் கொடுக்கவும் ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் வாங்குவது உலோகத்தை அல்ல, அந்த எண்ணிக்கை உண்மை என்ற வாக்கை.

வாக்கே சரக்காக விற்கப்படும் இடத்தில் சண்டை எப்படி வருகிறது, அதைத் தவிர்க்க அவர்கள் என்ன ஒழுங்கு வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது நமக்கும் பிரயோசனமானது. என் சகோதரியின் மகன் கனடாவில் இருந்துகொண்டு பல வருடங்களாக இவற்றைச் சேர்க்கிறார். அவரிடம் கேட்டு அறிந்ததையும், நான் தேடிப் படித்ததையும் நமது வியாபாரத்தோடு ஒப்பிட்டு இங்கே தருகிறேன்.

எங்கே தொடங்கியது?

1896ஆம் ஆண்டு ஏதென்ஸில் நடந்த முதலாவது நவீன ஒலிம்பிக்கில், வீரர்களையும் நடுவர்களையும் அதிகாரிகளையும் வேறுபடுத்திக் காட்ட சிறிய அட்டை வில்லைகளை அணிந்தார்கள். அதுதான் இதற்கு மூலம். பின்னர் ஒவ்வொரு நாட்டுக் குழுவும் தன் சின்னத்தை உலோகத்தில் செய்து, ஒருவருக்கொருவர் மாற்றிக் கொள்ளும் வழக்கம் வந்தது. 1984இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கின்போது அது பார்வையாளர்களையும் பிடித்துக் கொண்டது. 1988இல் கனடாவின் கல்கரி குளிர்கால ஒலிம்பிக்கில் கொக்கா கோலா நிறுவனம் பின் மாற்றிக் கொள்வதற்கென்றே ஒரு நிலையம் திறந்தது.

டிஸ்னி நிறுவனம் இதைப் பார்த்து, 1999 ஒக்டோபரில் புளோரிடாவில் உள்ள தன் பூங்காக்களில் பின் மாற்றும் வழக்கத்தை ஆரம்பித்தது. ஊழியர்கள் கழுத்துப் பட்டியில் பின்களைக் குத்தி வைத்திருப்பார்கள். வருபவர் தன்னிடமுள்ள ஒன்றைக் கொடுத்து, பிடித்த ஒன்றை எடுத்துக் கொள்ளலாம். அடுத்த வருடமே கலிபோர்னியாவிலும் தொடங்கினார்கள். இன்று அதற்கெனத் தனிச் சந்தையே இருக்கிறது.

மூன்று சொற்கள், மூன்று விலைகள்

இந்தச் சந்தையில் பின்கள் மூன்று வகை. தேவைக்கேற்பத் திரும்பத் திரும்பச் செய்வது "ஓபன் எடிஷன்". ஒரு குறிப்பிட்ட காலத்துக்கோ இடத்துக்கோ மட்டும் விற்பது "லிமிட்டட் ரிலீஸ்". எத்தனை செய்தார்கள் என்று அதில் சொல்லப்படுவதில்லை. எண்ணிக்கையை முதுகில் பொறித்து வெளியிடுவது "லிமிட்டட் எடிஷன்". கடைசி இரண்டுக்கும் ஒரு சொல்தான் வித்தியாசம். ஆனால் விலையில் பெரும் வித்தியாசம். முதல் சண்டை இங்கேதான். விற்பவர் "லிமிட்டட்" என்று மட்டும் சொல்வார். வாங்குபவர் எண்ணிக்கை குறைவானது என்று நம்பிப் பணம் கொடுப்பார். கையில் கிடைத்த பிறகு முதுகைப் பார்த்தால் எண்ணே இருக்காது.

விற்றவர் பொய் சொல்லவில்லைதான். ஆனால் வாங்குபவர் தவறாக விளங்கிக் கொள்கிறார் என்று தெரிந்தும் வாயை மூடிக் கொண்டார். இப்படிப்பட்டவரை இவர்கள் மறப்பதில்லை. நம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வாடிக்கையாளரைத் தவறான எண்ணத்துக்கு இட்டுச் செல்லும் நடத்தையைத் தடை செய்கிறது. "ஜப்பான் சாமான்" என்று சொல்லி, ஜப்பான் கம்பனியின் பெயரில் வேறு நாட்டில் செய்ததைக் கொடுப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

அச்சு யார் கையில்?

அடுத்த பெரிய பிரச்சினை போலி. சேகரிப்பவர்கள் இதை "ஸ்க்ராப்பர்" என்கிறார்கள். பின்களில் மிகப் பெரும்பகுதி சீனாவில் செய்யப்படுகிறது. உலோகத் தகட்டை அச்சில் அடித்து, முலாம் பூசி, பள்ளங்களில் வர்ணம் நிரப்பிச் சூடாக்குவார்கள். கழிவு போகும் என்பதால் தொழிற்சாலைகள் கேட்ட எண்ணிக்கையை விடச் சற்றுக் கூடுதலாகவே அடிப்பது வழக்கம். தரம் தவறியதை அழித்துவிட வேண்டும். அவை பின்கதவால் வெளியே போவதும், ஓடர் முடிந்த பிறகும் அதே அச்சில் மேலும் அடித்து விற்பதும், அசலைப் பார்த்துப் புதிய அச்சுச் செய்வதும்தான் போலிக்கு வழி.

பூங்காக் கடையில் பத்து டொலருக்கு மேல் விற்கும் பின்னை, இணையத்தில் ஐம்பது, நூறு என்று மொத்தமாக, ஒன்று ஒரு டொலருக்கும் குறைவாகக் கொடுக்கிறார்கள். பழகியவர்கள் ஓரம் சொரசொரப்பாக இருக்கிறதா, வர்ணம் பள்ளமாக இறங்கியிருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா, முதுகிலுள்ள அச்சுக் கோலம் ஓரம் வரை சரியாக ஓடுகிறதா என்று பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். பழகாதவர் ஏமாறுவார்.

நம்மில் பலர் இன்று தங்கள் சொந்தப் பெயரில் சீனாவில் சாமான் செய்வித்து இறக்குகிறார்கள். புறக்கோட்டையில் என்னைச் சந்திக்கும் இளம் வியாபாரிகளிடம் நான் கேட்பது இதைத்தான்: "தம்பி, அச்சுக்குக் காசு கொடுத்தது நீங்கள். ஓடர் முடிந்த பிறகு அச்சு யார் கையில்? கழிந்த சாமானை என்ன செய்கிறார்கள்?" பெரும்பாலானவர்களிடம் பதில் இல்லை. அச்சு யாருக்குச் சொந்தம், கழிவை எப்படி அழிப்பது என்ற இரண்டையும் ஓடர் தாளிலேயே எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். எழுதியதாலேயே திருட்டு நின்றுவிடாது. ஆனால் எழுதாதவர் கேட்கவே வழியில்லை.

நல்ல காசும் கள்ளக் காசும்

டிஸ்னி பூங்காவில் ஒரு விதி இருக்கிறது. கொண்டு வந்த பின் உலோகமாக, சேதமில்லாமல், முதுகில் டிஸ்னி உரிமைக் குறியோடு இருந்தால், ஊழியர் மாற்றிக் கொடுக்க வேண்டும். சின்னப் பிள்ளை ஏமாற்றமடையக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் வைத்த விதி. ஆனால் போலியிலும் அதே குறி இருக்கிறதே! எனவே சிலர் மலிவாகப் போலியை மொத்தமாக வாங்கிக் கொண்டு போய், ஊழியரிடம் கொடுத்து அசலை எடுத்துக் கொள்கிறார்கள். அடுத்து வரும் பிள்ளை தன் அசலைக் கொடுத்து அந்தப் போலியை வாங்கிச் செல்கிறது.

பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த தோமஸ் கிரஷாமின் பெயரால் ஒரு பொருளாதார விதி உண்டு. இரண்டு காசுக்கும் ஒரே மதிப்பு என்று கட்டாயப்படுத்தினால், மட்டமான காசு புழக்கத்தில் நிற்கும், நல்ல காசு பெட்டிக்குள் போய்விடும். இங்கே நடந்ததும் அதுவே. அனுபவமுள்ள சேகரிப்பாளர்கள் நல்ல பின்களை வீட்டில் வைத்துக் கொண்டார்கள். ஊழியர்களின் பட்டிகளில் போலி மலிந்துவிட்டது.

ஒரு சந்தையில் பத்துப் பேர் கலப்படம் விற்றால், நல்ல சாமான் வைத்திருப்பவருக்கும் நல்ல விலை கிடைக்காது. வாங்குபவருக்குப் பிரித்தறிய முடியாதபோது எல்லாருக்கும் சேர்த்து விலையைக் குறைத்தே கேட்பார். ஆகவே பக்கத்துக் கடைக்காரர் கலப்படம் செய்தால் "அது அவர் பாடு" என்று நாம் இருந்துவிட முடியாது. நட்டம் நம் கல்லாவிலும் விழுகிறது.

அவர்கள் வைத்திருக்கும் ஒழுங்கு

எழுதியதும் எழுதாததுமாகச் சில முறைகள் இவர்களிடம் உண்டு. நமக்குப் பொருந்துவதை மட்டும் சொல்கிறேன்.

1. அடுத்தவர் பட்டியிலுள்ள பின்னைக் கேட்காமல் தொடக்கூடாது. பார்க்க வேண்டுமென்றால் அவரிடமே காட்டச் சொல்ல வேண்டும். மாற்றும்போது ஒன்றுக்கு ஒன்று, கைக்குக் கை.

2. பூங்காவுக்குள் பின்னுக்குப் பணம் கை மாறக்கூடாது. மாற்றிக் கொள்ளும் இடம் வேறு, விற்கும் இடம் வேறு.

3. கீறல், வர்ணச் சிதைவு, வளைந்த ஊசி எதுவானாலும் விலை பேசுவதற்கு முன்பே சொல்லி, படமும் காட்ட வேண்டும். விலை முடிந்த பிறகு சொல்லும் குறை, குறையாகக் கணக்கில் வராது, ஏமாற்றாகவே வரும்.

4. பலர் ஒன்றைக் கேட்டால், முதலில் உறுதியாக "எடுக்கிறேன்" என்றவருக்கே கொடுக்க வேண்டும். பிறகு வந்தவர் கூட்டிக் கேட்டார் என்று வாக்கை மாற்றக்கூடாது. அதேபோல் "எனக்காக வையுங்கள்" என்று சொன்னவரும் பேசிய தவணைக்குள் பணம் கட்ட வேண்டும்.

5. தபாலில் மாற்றும்போது, சந்தையில் புதியவர் முதலில் அனுப்ப வேண்டும். நல்ல பெயர் உள்ளவர், பொருள் வந்த பிறகு அனுப்புவார். இரு பக்கமும் பதிவுத் தபால், பொதி செய்யும்போது ஒரு படம்.

6. சிறு பிள்ளையிடம் மாற்றும்போது, அதன் அறியாமையை வைத்து விலை கூடியதை எடுக்கக்கூடாது. இதைச் செய்தவரோடு மற்றவர்கள் பிறகு கொடுக்கல் வாங்கல் வைப்பதில்லை.

பேருவளை சீனன்கோட்டைக்குப் போனவர்களுக்கு இவற்றில் பல புதிதாகத் தோன்றாது. இலட்சக்கணக்கில் பெறுமதியான கல்லை, ஒரு துண்டுச் சீட்டும் இல்லாமல் தரகரின் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். அங்கும் வாக்கு மாறியவனுக்கு மறுமுறை கல் கிடைக்காது.

முற்பணம் இலாபமல்ல

இப்போது அதிகம் சண்டை வருவது முற்பண விடயத்தில். சில இரசிகர்கள் தாங்களே பின் வரைந்து, "நூறு மட்டும் செய்யப் போகிறேன், இப்போதே பணம் கட்டுங்கள்" என்று அறிவிக்கிறார்கள். பணம் வந்ததும் செலவாகிவிடுகிறது. தொழிற்சாலை தாமதிக்கிறது. மாதங்கள் ஓடுகின்றன. கேட்டால் முதலில் மன்னிப்பு, பிறகு கோபம், கடைசியில் மௌனம். அமெரிக்காவில் தபால், இணையம், தொலைபேசி வழி விற்பவர், அனுப்பும் காலத்தைச் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். முடியாவிட்டால் அறிவித்து, பணத்தைத் திருப்பி எடுக்க வாடிக்கையாளருக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று விதி உண்டு. சிறு வியாபாரிகள் பலருக்கு அது தெரிவதில்லை.

தளபாடம், தையல், நகை, அச்சு வேலை என்று நம்மில் முற்பணம் வாங்காத தொழில் குறைவு. பொருளைக் கையில் கொடுக்கும் வரை அந்தப் பணம் நம்முடையதல்ல என்று நினைத்து, தனிக் கணக்கில் போட்டு வைப்பது நல்லது. அதை எடுத்துப் பழைய கடனை அடைப்பவர், அடுத்த வாடிக்கையாளரின் முற்பணத்தில்தான் இவருடைய வேலையை முடிக்க வேண்டியிருக்கும். ஒரு மாதம் ஓடர் குறைந்தால் முழுக் கடையும் நின்றுவிடும்.

இன்னொன்று. இந்த இரசிகர்கள் வரைவது பெரும்பாலும் வேறொரு நிறுவனத்துக்குச் சொந்தமான கதாபாத்திரங்களை. அனுமதி வாங்காத உருவத்துக்கு எத்தனை வாடிக்கையாளர் இருந்தாலும் அது அடுத்தவர் சொத்து. பள்ளிப் பைகளிலும் தண்ணீர்ப் போத்தல்களிலும் கார்ட்டூன் உருவம் அச்சிட்டு விற்பவர்கள், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நம் நாட்டிலும் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

வாங்கி உடனே விற்பது தவறா?

ஆளுக்கு இரண்டு என்று விற்கும் பின்னை, விடியற்காலையிலேயே வரிசையில் நின்று வாங்கி, அன்று மாலையே மும்மடங்கு விலைக்கு விற்பவர்கள் உண்டு. "மாமா, இது நியாயமா?" என்று மருமகன் என்னிடம் கேட்டார். நான் வியாபாரி. வாங்கி விற்பதைத் தவறென்று சொல்ல மாட்டேன். நேரத்தையும் முதலையும் போட்டவருக்கு இலாபம் உண்டு. ஆனால் ஆளுக்கு இரண்டு என்ற இடத்தில் பத்து உறவினரை வரிசையில் நிறுத்தி இருபதை அள்ளினால், அது விதியை ஏமாற்றிச் சம்பாதித்த இலாபம். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள கோட்டை மருமகனும் ஒப்புக் கொண்டார். அரிசிக்கும் பால்மாவுக்கும் தட்டுப்பாடு வந்த காலங்களில் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று நாம் எல்லாரும் கண்டோம்.

பிணக்கு வந்தால்

ஈபே தளத்தில் முன்பு விற்பவரும் வாங்குபவரும் ஒருவருக்கொருவர் நல்லது கெட்டது எழுதலாம். நடந்தது என்னவென்றால், வாங்குபவர் உண்மையான குறையை எழுதினால், விற்பவர் பழிக்குப் பழியாக அவரைக் கெட்டவர் என்று எழுதுவார். பயந்து எல்லாரும் நல்லது மட்டும் எழுதினார்கள். 2008இல் விற்பவர், வாங்குபவரைப் பற்றிக் கெட்டது எழுத முடியாதபடி அந்த வசதியை நிறுத்தினார்கள். குறை சொல்ல வாடிக்கையாளர் பயப்படும் கடைக்குத் தன் குறை கடைசி வரை தெரியாது. அவர் சொல்லாமலே அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

நல்ல சேகரிப்பாளர்கள் பிணக்கைத் தீர்க்கும் வரிசை இது. முதலில் இருவரும் தனியே பேசுவது. தீராவிட்டால், இருவரும் மதிக்கும் மூத்தவர் ஒருவரை வைத்துப் பேசுவது. அதிலும் தீராவிட்டால் மட்டுமே, திகதி, படம், பேசிய வார்த்தை ஆகியவற்றோடு சபையில் வைப்பது. தீர்ந்துவிட்டால், தீர்ந்தது என்றும் அதே சபையில் சொல்வது. கடைசிப் படியை நம்மில் பலர் செய்வதில்லை. ஒருவர் செக் திரும்பியதைத் தெரு முழுவதும் சொல்கிறோம். அடுத்த வாரம் அவர் பணத்தைக் கொண்டு வந்து கட்டியதை யாரிடமும் சொல்வதில்லை. அதனால் நேர்மையாகக் கட்டியவரும் கட்டாதவரும் சந்தையில் ஒன்றாகிவிடுகிறார்கள்.

இந்த வாரம் உங்கள் கடையில் ஒரு வேலை செய்து பாருங்கள். நீங்களும் உங்கள் பையன்களும் வாடிக்கையாளரிடம் வழமையாகச் சொல்லும் சொற்களை ஒரு தாளில் எழுதுங்கள்: "ஒரிஜினல்", "கடைசிப் பீஸ்", "வேறெங்கும் கிடைக்காது", "நாளைக்கு வந்துவிடும்". ஒவ்வொன்றுக்கும் எதிரே, இது உண்மையா என்று நேர்மையாகக் குறியுங்கள். உண்மையில்லாத சொல்லை நாளையிலிருந்து நிறுத்துங்கள். சில விற்பனை குறையலாம். மிஞ்சும் சொற்களுக்கு விலை கூடும்.